முகாம் இல்லாத கைதிகள்: ஹிரோஷிமாவில் இறந்த அமெரிக்க விமானக் குழுவினர் குறித்து

1. தந்திகளும் ஒரு கேள்வியும்

1945 ஜூலை மாதக் கடைசி நாள்களில் குவாம் தீவிலிருந்த அமெரிக்க வான்படைத் தளபதி கார்ல் ஸ்பாட்ஸ், வாஷிங்டனுடன் சில தந்திகளைப் பரிமாறிக்கொண்டார். அணுகுண்டு வீசுவதற்கென ஹிரோஷிமா, கோகுரா, நீகாதா, நாகசாகி ஆகிய நான்கு நகரங்கள் அப்போது குறிக்கப்பட்டிருந்தன. நாகசாகியின் மையத்திலிருந்து ஒரு மைல் வடக்கே நேச நாட்டுப் போர்க்கைதிகளின் முகாம் இருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, இது இலக்குத் தேர்வைப் பாதிக்குமா என்று அவர் கேட்டார். இலக்குகளில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. நான்கில் ஹிரோஷிமாவில் மட்டும்தான் கைதி முகாம் இல்லை என்று தெரிகிறதே என்று அவர் தெரிவித்தபோது, தகவல் நம்பத்தக்கதென்றால் ஹிரோஷிமாவுக்கே முதலிடம் கொடுக்கலாம் என்று வாஷிங்டன் சொல்லிவிட்டது.

தகவல் சரியானதுதான். ஹிரோஷிமாவில் கைதி முகாம் எதுவும் இல்லை. ஆனால் ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு அந்நகரத்தில் சுமார் பன்னிரண்டு அமெரிக்க விமானப்படையினரும் கடற்படை விமானிகளும் கைதிகளாக இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சூகோகு ராணுவக் காவல்துறைத் தலைமையகத்தில் அடைக்கப்பட்டிருந்தனர். குண்டு வெடித்த புள்ளிக்கு நேர்கீழான இடத்திலிருந்து அந்தக் கட்டடம் ஏறத்தாழ 400 மீட்டர் தொலைவில் இருந்தது.

சுட்டு வீழ்த்தப்பட்ட குண்டுவீச்சு விமானக் குழு ஒன்றின் கதியைப் பற்றிப் பேசும்போது, தற்செயல் என்றோ போரின் கொடுமை என்றோ சொல்லி முடித்துவிடுவது வழக்கம். இந்தப் பன்னிருவர் விஷயத்தில் அந்தப் பதில் போதாது. முகாமில் சேர்க்கப்படாமல், எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல், ஒரு நகரத்தின் நடுவே அவர்கள் ஏன் வைக்கப்பட்டிருந்தார்கள்? அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது முப்பதாண்டுகளுக்கும் மேலாக வெளியே வராமல் போனது எப்படி? இக்கட்டுரை இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறது. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன்.

2. கைதி குற்றவாளி ஆன கதை

1942 ஏப்ரல் 18 அன்று ஜேம்ஸ் டூலிட்டில் தலைமையில் பதினாறு பி-25 விமானங்கள் ஒரு விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி டோக்கியோவையும் வேறு சில நகரங்களையும் தாக்கின. ராணுவக் கணக்கில் சேதம் சிறிது. ஆனால் பேரரசரின் தலைநகரத்துக்கு மேலே எதிரி விமானம் பறந்தது ஜப்பானியத் தலைமையை உலுக்கிவிட்டது. பறந்துபோன எண்பது பேரில் எட்டுப் பேர் சீனாவில் ஜப்பானியர் கையில் அகப்பட்டனர். ஷாங்காயில் அவர்கள் மீது பெயரளவுக்கு ஒரு விசாரணை நடந்தது. அக்டோபர் 15 அன்று மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்னொருவர் சிறையிலேயே நோயிலும் பட்டினியிலும் இறந்தார்.

இந்த விசாரணைக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1942 ஆகஸ்டில் சீனாவிலிருந்த ஜப்பானியப் படை, எதிரி விமானிகள் குறித்த சட்டம் ஒன்றை வெளியிட்டது. செயல் நடந்து நான்கு மாதம் கழித்து வந்த சட்டம் அது. பொதுமக்களையோ அவர்களுடைய உடைமைகளையோ தாக்கிய விமானி போர்க்கைதியாகக் கருதப்படமாட்டான், போர்க் குற்றவாளியாக ராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்படுவான், தண்டனை மரணம் என்பது அதன் சாரம். விரைவில் இதே கொள்கை ஜப்பானின் உள்நாட்டுக்கும் வந்தது. போர்க்கைதிகள் தொடர்பான 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டிருந்தது. ஆனால் அதற்கு முறையான ஏற்பு அளிக்கவில்லை. போர் தொடங்கிய பின், சூழலுக்கேற்ற மாற்றங்களுடன் அதைப் பின்பற்றுவோம் என்று மட்டும் உறுதி சொல்லியிருந்தது.

ஜப்பானிய நிலைப்பாட்டின் பின்னால் இருந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1945 மார்ச் 9, 10 இரவில் டோக்கியோ மீது வீசப்பட்ட தீக்குண்டுகளில் ஒரு லட்சம் பேரளவுக்கு மாண்டார்கள். மரவீடுகள் நெருக்கியடித்து நிற்கும் குடியிருப்புப் பகுதிகளைத் தெரிந்தே எரித்த தாக்குதல் அது. அதைச் செய்தவர்களைச் சாதாரணப் போர்வீரர்களாக நடத்த வேண்டுமா என்று, வீட்டையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர் கேட்டால் அதில் நியாயமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சட்டம் அவருக்காகப் பேசவில்லை. முறையான நீதிமன்றம் என்ற வாக்குறுதி 1945இன் நடுப்பகுதியில் பல ராணுவ வட்டாரங்களில் கைவிடப்பட்டுவிட்டது. எஞ்சியது ஒன்றுதான்: பிடிபட்ட விமானி போர்க்கைதியாகப் பதிவு பெறாமல், விசாரணைக்குக் காத்திருப்பவனாக ராணுவக் காவல்துறையின் கைக்குப் போனான். அவனுடைய பெயர் செஞ்சிலுவைச் சங்கத்துக்கோ அவனுடைய நாட்டுக்கோ போகவில்லை. ஊருக்கு வெளியே முகாம், உள்ளே சிறைக்கூடம் என்றிருந்த நகரங்களில் அவன் உள்ளேதான் இருந்தான்.

இதன் விளைவு ஹிரோஷிமாவுக்கு முன்பே வெளிப்பட்டது. 1945 மே 25 இரவில் டோக்கியோ மீது நடந்த வான்தாக்குதலில் அங்கிருந்த ராணுவச் சிறை தீப்பற்றியது. ஜப்பானியக் கைதிகள் வெளியேற்றப்பட்டார்கள். அமெரிக்க விமானப்படையினர் 62 பேர் உள்ளே கருகி இறந்தார்கள். தங்கள் நாட்டு விமானங்கள் மூட்டிய தீ. கதவைத் திறக்காதவர்கள் தங்களைப் பிடித்துவைத்தவர்கள்.

3. லோன்சம் லேடி

ஜூலை 28 அன்று ஒகினாவாவிலிருந்து பி-24 விமானங்கள் குரே துறைமுகத்தை நோக்கிக் கிளம்பின. அங்கே நங்கூரமிட்டிருந்த ஹருனா என்ற போர்க்கப்பல் இலக்கு. எரிபொருள் இல்லாமல் முடங்கி, மிதக்கும் பீரங்கித் தளமாக மட்டும் பயன்பட்ட கப்பல் அது. விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த கடற்படை விமானங்களும் அன்று அதே துறைமுகத்தைத் தாக்கின. விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் குண்டு பட்டு வீழ்ந்த பி-24களில் இரண்டின் பெயர் லோன்சம் லேடி, டலோவா.

லோன்சம் லேடியில் ஒன்பது பேர். தலைமை விமானி தாமஸ் கார்ட்ரைட். வயது இருபதுகளின் தொடக்கம். விமானம் எரியத் தொடங்கியதும் எல்லோரும் பாராசூட்டில் குதித்தார்கள். விமானம் யாமாகுச்சி மாகாணத்தில் இகாச்சி என்ற சிற்றூரின் மலைச்சரிவில் விழுந்தது. வழிகாட்டி அதிகாரி உயிரோடு அகப்படவில்லை. மற்ற எட்டுப் பேர் வெவ்வேறு இடங்களில் பிடிபட்டனர்.

இங்கிருந்து அவர்களுடைய கதை மூன்றாகப் பிரிகிறது. பின்புறத் துப்பாக்கி வீரர் கடற்படையின் பிடிக்குப் போனார். கடற்படை தனக்கென்று தனி விசாரணை ஏற்பாடுகளை வைத்திருந்ததால் அவர் ஹிரோஷிமாவுக்குப் போகவில்லை, பிழைத்தார். கார்ட்ரைட்டும் மற்ற ஆறு பேரும் தரைப்படையின் பிடியில் ஹிரோஷிமாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சில நாள் விசாரணைக்குப் பிறகு கார்ட்ரைட் மட்டும் டோக்கியோ பகுதிக்கு அனுப்பப்பட்டார். தலைமை விமானிக்குத்தான் உளவுத் தகவல் தெரிந்திருக்கும் என்பது கணக்கு. ஆறு பேர் ஹிரோஷிமாவில் தங்கினார்கள்.

ஒன்பது பேரில் இருவர் பிழைத்ததற்கு அவர்களுடைய துணிவோ உடல் வலிமையோ காரணமில்லை. ஒருவரைப் பிடித்தது வேறு படை. இன்னொருவர் விமானத்தில் இருந்தது வேறு இருக்கை. கார்ட்ரைட் பிற்காலத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கால்நடை மரபியல் பேராசிரியரானார். தன் குழுவைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதியபோது ஏறக்குறைய எண்பது வயது.

4. என்ன சான்று இருக்கிறது?

ஆகஸ்ட் 6 காலையில் ராணுவக் காவல்துறைத் தலைமையகத்திலும் அருகிலிருந்த ராணுவக் கட்டடங்களிலும் இருந்த அமெரிக்கர்களின் சாவைப் பற்றிச் சான்றுகள் ஒரே தரத்தில் இல்லை. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவசியம். இந்தப் பகுதியில்தான் எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள்.

மிக உறுதியான சான்று இருவரைப் பற்றியது. லோன்சம் லேடியைச் சேர்ந்த ரால்ஃப் நீல், கடற்படைக் குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கி வீரர் நார்மன்ட் பிரிசெட் ஆகிய இருவரும் வெடிப்பின்போது சாகவில்லை. தீ சூழ்ந்த நேரத்தில் கழிவுக்குழி ஒன்றுக்குள் இறங்கி உயிரைக் காத்துக்கொண்டார்கள். பத்து நாள்களுக்குப் பிறகு வேறொரு அமெரிக்கக் குழு அவர்களோடு ஒரே அறையில் சேர்க்கப்பட்டது. ஆகஸ்ட் 8 அன்று யாவாதா நகரத்தைத் தாக்கச் சென்று வீழ்ந்து, ஒரு வாரம் கடலில் மிதந்து, பின்பு மீட்கப்பட்டுக் கைதான பி-29 குழு அது. இந்தக் குழுவினர் நாடு திரும்பிச் சொன்ன சாட்சியம் நம்மிடம் உள்ளது. நீலும் பிரிசெட்டும் ஓயாமல் வாந்தி எடுத்தார்கள். வாயிலும் காதிலும் நீர் வடிந்தது. வலி தாங்காமல் தங்களைச் சுட்டுவிடும்படி மன்றாடினார்கள். ஏதாவது மருந்து கொடுக்கும்படி ஜப்பானிய மருத்துவர் ஒருவரிடம் கேட்டபோது, குண்டைப் போட்டவர்கள் நீங்கள், இதற்கு என்ன செய்வதென்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக அக்குழுவினர் நினைவுகூர்ந்தார்கள். அந்த மருத்துவர் பொய் சொல்லவில்லை. கதிரியக்க நோய்க்கு என்ன சிகிச்சை என்பது உலகில் அன்று எந்த மருத்துவருக்கும் தெரியாது. ஆகஸ்ட் 19 அன்று இருவரும் இறந்தார்கள். ஜப்பான் சரணடைந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

இரண்டாவது வகைச் சான்று ஹிரோஷிமா மக்களின் நினைவு. குண்டு வீழ்ந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, ஐஓய் பாலத்தின் அருகே கட்டிவைக்கப்பட்ட ஓர் அமெரிக்கரைக் கண்டதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கில ‘டி’ எழுத்து வடிவத்தில் இருந்த அந்தப் பாலத்தைத்தான் விமானத்திலிருந்தவர்கள் குறியாக வைத்தார்கள். 1974இல் என்.எச்.கே. தொலைக்காட்சியின் வேண்டுகோளுக்குப் பிறகு, உயிர் தப்பியவர்கள் தங்கள் நினைவிலிருந்ததைப் படமாக வரைந்து அனுப்பினார்கள். அந்தப் படங்கள் சிலவற்றில் இந்தக் காட்சி உண்டு. சிலர் அவர் இறந்து கிடந்ததாகச் சொன்னார்கள், சிலர் கூட்டம் கல்லெறிந்ததாகச் சொன்னார்கள். அவர் லோன்சம் லேடியின் வானொலி இயக்குநர் ஹ்யூ அட்கின்சனாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஓர் அமெரிக்கர் அங்கே கிடந்தார் என்பதை ஏற்கச் சாட்சிகளின் எண்ணிக்கை போதும். அவர் காயத்தால் இறந்தாரா, அடிபட்டு இறந்தாரா என்பதைத் தீர்மானிக்க அது போதாது. முப்பதாண்டுக்குப் பிந்தைய நினைவுக்கு, அதுவும் ஒரு நகரமே எரிந்த நாளின் நினைவுக்கு, அவ்வளவு நுணுக்கமான சுமையை ஏற்றக் கூடாது. கல்லெறிந்த கதையை மட்டும் எடுத்துக்கொண்டு ஹிரோஷிமா மக்களின் குரூரத்தைப் பற்றி எழுதுபவர்களிடமிருந்து நான் விலகி நிற்கிறேன்.

மற்றவர்களைப் பொறுத்தவரை சான்று மறைமுகமானது. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட கட்டடத்தில் இருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கும் காணப்படவில்லை. 400 மீட்டர் தொலைவில் நின்ற கட்டடத்துக்கு என்ன ஆனது என்பது தெரிந்ததே. இது நியாயமான முடிவு. ஆனாலும் இந்த வகை முடிவுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது: அன்று ஹிரோஷிமாவில் இருந்தார் என்று யார் பெயரைச் சேர்த்தாலும் அதை மறுக்க உடல் இல்லை, கட்டடம் இல்லை, காவலரும் இல்லை. அந்த ஆபத்தை நன்றாக உணர்ந்திருந்தவர்கள் கியூஷூ தீவில் இருந்தார்கள்.

5. ஃபுகுவோகா: ஹிரோஷிமாவுக்கு வராத ஹிரோஷிமா மரணங்கள்

1945 மே 5 அன்று, தாச்சியாராய் விமானதளத்தைத் தாக்கிவிட்டுத் திரும்பிய பி-29 ஒன்று ஜப்பானியப் போர் விமானம் மோதி உடைந்தது. தலைமை விமானி மார்வின் வாட்கின்ஸ். குழுவினர் இன்றைய தாகேதா நகரத்தைச் சுற்றியுள்ள மலைப்பகுதியில் பாராசூட்டில் இறங்கினார்கள். கீழே சிலர் கிராமத்தவர் கையில் இறந்தார்கள். எஞ்சியவர்கள் ஃபுகுவோகாவிலிருந்த மேற்குப் படைத் தலைமையகத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கும் அதே விதி: தகவல் தெரிந்த கைதிகளை மட்டும் டோக்கியோவுக்கு அனுப்பினால் போதும், மற்றவர்களை அந்தந்தப் படையே பொருத்தமாகக் கையாளலாம். வாட்கின்ஸ் டோக்கியோவுக்குப் போனார். போர் முடிந்து வீடு திரும்பினார்.

“பொருத்தமாகக் கையாள்வது” என்பதற்கு ஃபுகுவோகா கொடுத்த பொருள் இருபதாம் நூற்றாண்டு மருத்துவ வரலாற்றின் மிக இருண்ட பக்கங்களுள் ஒன்று. மே 17 முதல் ஜூன் 2 வரை நான்கு வெவ்வேறு நாள்களில், எட்டு அமெரிக்கக் கைதிகள் கியூஷூ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் அறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் வாட்கின்ஸின் குழுவினரும் இருந்தார்கள். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் இஷியாமா ஃபுகுஜிரோவின் தலைமையில் அவர்கள் மயக்கத்தில் வைத்து அறுக்கப்பட்டார்கள். ஒருவருக்கு நுரையீரல் எடுக்கப்பட்டது. ரத்தத்துக்கு மாற்றாகக் கடல்நீரிலிருந்து தயாரித்த கரைசல் உடலில் செலுத்திப் பார்க்கப்பட்டது. கல்லீரல், இதயம், மூளை என்று ஒவ்வொன்றாகக் கத்தி போயிற்று. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முதல் கைதி உள்ளே வந்தபோது, காயத்துக்கு மருத்துவம் செய்யப் போகிறார்கள் என்றே நம்பியதாக அப்போது அங்கே முதலாண்டு மாணவராக இருந்த தோனோ தோஷியோ பிற்காலத்தில் சொன்னார். தோனோ தன் வாழ்நாள் முழுவதும் இதைப் பற்றிப் பேசினார். 1979இல் நூலாகவும் எழுதினார். தான் பணிபுரிந்த ஊரிலேயே, தன் தொழிலில் இருப்பவர்களுக்கு எதிராக அப்படிப் பேசுவது எளிதல்ல.

ஃபுகுவோகா நகரம் ஜூன் 19 இரவில் தீக்குண்டுகளுக்கு இரையானது. மறுநாள் தலைமையக வளாகத்தில் எட்டு விமானப்படையினர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வெட்டியவர்களில் ஓர் அதிகாரி முந்தைய இரவுத் தாக்குதலில் தாயை இழந்தவர். ஆகஸ்ட் 15 அன்று, பேரரசரின் சரணடைவு அறிவிப்பு வானொலியில் ஒலித்த பிறகு, மிச்சமிருந்த கைதிகள் பதினைந்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஜூன் 20 கொலைகளில் பழியுணர்ச்சி இருந்தது. ஆகஸ்ட் 15 கொலைகளை அப்படி விளக்க முடியவில்லை. முந்தைய கொலைகளைப் பார்த்தவர்கள் பேசிவிடக் கூடாது என்ற அச்சமே அவற்றின் பின்னால் தெரிகிறது.

அமெரிக்க ஆக்கிரமிப்புப் படை வந்து கணக்குக் கேட்டது. மேற்குப் படையின் அதிகாரிகள் சொன்ன பதில்: கைதிகளை ஹிரோஷிமாவுக்கு அனுப்பிவிட்டோம், அவர்கள் அணுகுண்டில் இறந்துவிட்டார்கள். சாம்பலான ஒரு நகரம் எல்லாக் கணக்கையும் தீர்த்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். அமெரிக்கக் குண்டே அமெரிக்கர்களைக் கொன்றது என்ற கூற்றைத் துருவுவதில் விசாரணையாளர்களுக்கு ஆர்வம் இருக்காது என்றும் கணித்திருக்கலாம்.

அந்தக் கணிப்பு முழுதாகப் பலிக்கவில்லை. விசாரணை நெருங்கியது. இஷியாமா 1946 ஜூலையில் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். 1948இல் யோகோஹாமா நீதிமன்றம் இருபத்துமூன்று பேரைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது. ஐவருக்கு மரணம், நால்வருக்கு ஆயுள். ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. தண்டனைகள் குறைக்கப்பட்டன, 1950களின் இறுதிக்குள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். இதற்கு எதிரே இன்னொரு வழக்கை வைக்கலாம். நகோயாவில் இருந்த படைத் தளபதி ஒகாடா தாசுகு 38 அமெரிக்க விமானப்படையினரைக் கொல்ல ஆணையிட்டவர். அவர் எதையும் மறைக்கவில்லை; பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்று சொல்லி, கண்மூடித்தனமான குண்டுவீச்சும் குற்றமே என்று நீதிமன்றத்தில் வாதாடினார். 1949 செப்டம்பரில் அவர் தூக்கிலிடப்பட்டார். ஒகாடா செய்தது குற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டவருக்குத் தூக்கும், பொய்க் கணக்கு எழுதிய பல்கலைக்கழக வழக்கினருக்கு விடுதலையும் கிடைத்தது நீதியின் முகத்தில் விழுந்த வடு.

6. கலந்துபோன பட்டியல்

நீதிமன்றம் ஃபுகுவோகாவின் பொய்யை உடைத்தது. பொய்யால் கெட்டுப்போன ஆவணத்தை யாரும் திருத்தவில்லை. 1977இல் ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர் உபுகி சதோரு, ஜப்பானிய வெளியுறவு அமைச்சகக் காப்பகத்தில் அணுகுண்டில் இறந்த அமெரிக்கக் கைதிகளின் பட்டியல் ஒன்றைக் கண்டெடுத்தார். இருபது பெயர்கள். அதுவரை வதந்தியாக உலவியதற்கு முதன்முறையாக அரசு ஆவணம் கிடைத்தது. ஆனால் அதில் கியூஷூவில் கொல்லப்பட்டவர்களின் பெயர்களும் இருந்தன. உண்மையில் ஹிரோஷிமாவில் இறந்தவர்களும், ஹிரோஷிமாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்களும் ஒரே தாளில் அடுத்தடுத்துக் கிடந்தார்கள்.

அமெரிக்கத் தரப்பிலும் நிலைமை இதைவிட மேலாக இல்லை. நீலும் பிரிசெட்டும் எப்படி இறந்தார்கள் என்ற சாட்சியம் 1945 இறுதிக்குள்ளேயே அமெரிக்க ராணுவத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும். அவர்களுடன் இருந்தவர்கள் உயிரோடு நாடு திரும்பிவிட்டார்களே. ஆனாலும் பல குடும்பங்களுக்கு மகன் ஜப்பானில் இறந்தான் என்பதற்கு மேல் எதுவும் சொல்லப்படவில்லை. 1979இல் வரலாற்றாசிரியர் பார்டன் பெர்ன்ஸ்டீன் இது பற்றிய ஆய்வை வெளியிட்ட பிறகே அமெரிக்காவில் பேச்சு தொடங்கியது. இந்த மௌனத்துக்குத் திட்டமிட்ட மறைப்பே காரணம் என்று ஒரு கருத்து உண்டு. குண்டு அமெரிக்க உயிர்களைக் காத்தது என்ற வாதத்துக்கு இந்தப் பன்னிருவர் இடைஞ்சல் என்பது உண்மைதான். ஆனால் ஆவணங்களில் தெரிவது அக்கறையின்மையும் கோப்புக்குக் கோப்பு தொடர்பின்மையும். அவை மறைப்பைவிட இலேசான குற்றம் என்று நான் கருதவில்லை. குடும்பங்களுக்கு விளைவு ஒன்றுதான்.

பெயர்களைப் பிரித்தெடுக்கும் வேலையைக் கடைசியில் செய்து முடித்தவர் பல்கலைக்கழகத்தைச் சேராத ஒருவர். ஷிகேயாகி மோரி 1937இல் பிறந்தவர். குண்டு வீழ்ந்தபோது எட்டு வயது. வெடிப்பு அவரைப் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் தூக்கி எறிந்தது. அலுவலக வேலை பார்த்துக்கொண்டே விடுமுறை நாள்களில் அவர் இதை ஆராய்ந்தார். விமானம் விழுந்த ஊர்களுக்குப் போய் முதியவர்களிடம் கேட்டு, எந்த விமானம், எந்த நாள், எத்தனை பாராசூட் என்று குறித்தார். பிறகு குடும்பங்களைத் தேடினார். ஆங்கிலம் அவருக்குச் சரளமாக வராது. சர்வதேசத் தொலைபேசி இயக்குநரிடம் ஒரு மாநிலத்தின் பெயரையும் குடும்பப் பெயரையும் சொல்லி, அந்தப் பெயர் கொண்டவர்களை ஒவ்வொருவராக அழைக்கச் சொல்வார். எடுத்தவர் உறவில்லை என்பார், அடுத்த எண். முதல் குடும்பத்தைக் கண்டுபிடிக்கவே ஆண்டுக்கணக்கானது. சான்று கிடைக்கக் கிடைக்க, உறவினர்களின் ஒப்புதலோடு ஒவ்வொரு பெயரையும் ஹிரோஷிமா நினைவகத்தின் இறந்தோர் பதிவில் சேர்க்கச் செய்தார். ராணுவக் காவல்துறைத் தலைமையகம் இருந்த இடத்தில் தன் முயற்சியில் ஒரு நினைவுப் பலகையும் வைத்தார். 2016 மே 27 அன்று ஒபாமா ஹிரோஷிமாவுக்கு வந்து, தன் உரையில் அந்தக் கைதிகளைக் குறிப்பிட்டு, மோரியை அணைத்துக்கொண்ட படம் உலகம் முழுவதும் போயிற்று. அந்தப் படத்தைவிட அந்தத் தொலைபேசி அழைப்புகள்தாம் ஆய்வு என்ற சொல்லுக்கு உரியவை.

மோரி தனியாள் இல்லை. இகாச்சி மக்கள் லோன்சம் லேடியின் துண்டுகளைப் பாதுகாத்து, தங்கள் ஊரில் நினைவுச்சின்னம் வைத்திருக்கிறார்கள். கார்ட்ரைட் 1999இல் அங்கே வந்து நின்றார். தாகேதாவில் 1977இல் எழுந்த நினைவுக்கல், வாட்கின்ஸின் குழுவினரையும் அவர்கள் மீது மோதி இறந்த ஜப்பானிய விமானியையும் சேர்த்தே நினைக்கிறது. அரசுகள் எழுதாததை ஊர்கள் எழுதின.

7. விளக்கங்களை எடைபோடுதல்

இந்தக் கதிக்கு மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது தற்செயல்: குண்டு வீழ்ந்த நாளில் அவர்கள் அங்கே இருக்க நேர்ந்தது. லோன்சம் லேடிக்கு இது ஓரளவு பொருந்தும். வாட்கின்ஸின் குழுவுக்குப் பொருந்தாது. இரண்டு குழுக்களிலும் தலைமை விமானி மட்டும் டோக்கியோவுக்குப் போய்ப் பிழைத்தது தற்செயல் இல்லை, அது நடைமுறை.

இரண்டாவது பழியுணர்ச்சி. கிராமங்களில் நடந்த கொலைகளையும் ஜூன் 20ஐயும் அது விளக்கும். பேராசிரியரின் கத்தியை அது விளக்காது. அங்கே வெளிப்பட்டது கோபமில்லை. இவர்கள் எப்படியும் சாகப்போகிறவர்கள், இவர்களைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை என்ற துணிச்சல்.

மூன்றாவது விளக்கம் அமெரிக்கத் தரப்பை நோக்கியது: கைதிகள் இருப்பது தெரிந்திருந்தால் ஹிரோஷிமா தப்பியிருக்கும் என்பது. ஸ்பாட்ஸுக்கு வந்த பதில்களைப் படித்த பிறகு இதை ஏற்க முடியவில்லை. நாகசாகியில் முகாம் இருப்பது தெரிந்தும் நாகசாகி இலக்காகவே நீடித்தது. அங்கிருந்த நேச நாட்டுக் கைதிகளில் சிலர் ஆகஸ்ட் 9 அன்று இறந்தும் போனார்கள். தகவல் கிடைத்திருந்தால் நகரங்களின் வரிசை மாறியிருக்கலாம். குண்டு நின்றிருக்காது.

நான் முன்வைப்பது, மூன்றுக்கும் அடியில் கிடக்கும் பதிவின்மை. போர்க்கைதி என்ற பெயரை மறுத்த 1942ஆம் ஆண்டுச் சட்டம் விமானியை எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியே எடுத்தது. அதனால் ஹிரோஷிமா வாஷிங்டனின் பார்வையில் கைதிகள் இல்லாத நகரமாயிற்று. அதனால்தான் ஃபுகுவோகாவில் கைதிகளைப் படையிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஒரு கையெழுத்தும் இல்லாமல் மாற்ற முடிந்தது. அதனால்தான் இறந்த பிறகு அவர்களை வேறொரு ஊருக்கு அனுப்பிவைக்கவும் முடிந்தது.

1929ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு, முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு கைதியும் தன் குடும்பத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுத வழிசெய்ய வேண்டும் என்கிறது. 77ஆவது பிரிவு, கைதானவர்களின் விவரத்தைத் திரட்டித் தெரிவிக்கத் தகவல் அலுவலகம் வேண்டும் என்கிறது. அப்படியோர் அலுவலகம் டோக்கியோவில் போரின் தொடக்கத்திலிருந்தே இயங்கிவந்தது. ஜூலை 28இல் பிடிபட்ட லோன்சம் லேடி குழுவுக்கும் ஆகஸ்ட் 6க்கும் இடையே ஒன்பது நாள். ஓர் அட்டை அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்லத் துணியமாட்டேன். மே 5இல் பிடிபட்ட வாட்கின்ஸின் ஆள்களுக்கும் உடற்கூறியல் அறையின் முதல் நாளுக்கும் இடையே பன்னிரண்டு நாள். பெயர் எழுதிய ஓர் அட்டை அந்த அலுவலகத்தின் மேசையில் இருந்திருந்தால், அந்த ஆளைக் கேட்டுப் பெற இஷியாமாவும், கொடுக்க மேற்குப் படையும், ஒருமுறையாவது யோசித்திருக்க வேண்டியிருக்கும்.